வேலையிழந்த விசைகள்: கேள்வியும் பதிலும்

விசைப்பலகையில் ஸ்க்ரோல் லாக், பாஸ் (Pause), இன்சர்ட் எல்லாம் இன்னும் எதற்கு என்று கேட்டு வந்தவற்றில் சில இங்கே.

எக்செல்லில் அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் மாறாமல் முழுத் தாளே நகர்கிறது சார். லேப்டாப் பழுதா?

பழுதில்லை. ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. கர்சர் நின்ற இடத்திலேயே நிற்க, திரை மட்டும் நகரட்டும் என்று 1981-இன் ஐபிஎம் பிசியிலேயே வைத்த விசை அது. இன்றைக்கும் அதற்கு மரியாதை கொடுக்கும் சில மென்பொருள்களில் எக்செல் ஒன்று. உங்கள் லேப்டாப்பில் அந்த விசை தனியாக இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸின் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, அதில் உள்ள ஸ்க்ரோல் லாக்கை ஒருமுறை தட்டுங்கள், சரியாகிவிடும்.

தமிழ் தட்டச்சு செய்பவள் நான். கேப்ஸ் லாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா அண்ணா?

பிடுங்க வேண்டாம் அம்மா, வேறு வேலை கொடுங்கள். தட்டச்சுப் பொறியில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க விரலில் வலு வேண்டும், அதனால் பூட்டு தேவைப்பட்டது. கணினியில் அந்தப் பாரமே இல்லை. முதல் ஐபிஎம் பிசியில் 'ஏ'-க்குப் பக்கத்தில் இருந்தது கன்ட்ரோல். கேப்ஸ் லாக் ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. பிறகு வந்த 101 விசைப் பலகையில்தான் இந்த நல்ல இடம் அதற்குக் கிடைத்தது.

நமக்கோ பெரிய எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில், கேப்ஸ் லாக் தெரியாமல் விழுந்துவிட்டால் 'நல்ல' என்பது 'ணாள்ளா' ஆகிவிடும். தமிழ்99 விசைமுறையில் இடது சுண்டுவிரல் 'அ' மேல் இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் உள்ள விசை மொழி மாற்றியாக இருப்பதுதான் நியாயம். மேக்கில் இன்புட் சோர்ஸ் அமைப்பிலேயே இதற்கு வழி உண்டு, லினக்ஸிலும் உண்டு. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற துணைக்கருவியை நிறுவி, கீபோர்டு மேனேஜரில் வேறு விசையாகவோ விசைக் கூட்டாகவோ மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றிப் பல வருடமாகிறது. ஒரு பத்தியில் நாலு ஆங்கிலச் சொல் வந்தாலும் கை நடு வரிசையை விட்டு நகர்வதில்லை.

நடுவில் ஓர் எழுத்து சேர்த்தால் அடுத்த எழுத்தை விழுங்குகிறதே?

இன்சர்ட் பட்டிருக்கும், மறுபடி ஒருமுறை தட்டுங்கள். ஆனால் அதை வீண் என்று சொல்லமாட்டேன். ஷிஃப்ட்டோடு இன்சர்ட் அழுத்தினால் கட்டளை அடிக்கும் பல டெர்மினல் திரைகளில் பேஸ்ட் ஆகும்.

பாஸ்/பிரேக் விசையை யாராவது தொடுகிறார்களா?

நெட்வொர்க் பார்ப்பவர்கள் தொடுவார்கள். விண்டோஸில் இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' கட்டளையை நிற்காமல் ஓடவிட்டு, கன்ட்ரோல்+பிரேக் அழுத்திப் பாருங்கள். அதுவரையிலான கணக்கைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து ஓடும். கன்ட்ரோல்+சி என்றால் நின்றேவிடும்.

பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது. பழைய சின்ன லேப்டாப்.

எண்பகுதிப் பூட்டான நம் லாக் (Num Lock) விசையைப் பாருங்கள். தனி எண்பகுதி இல்லாத பலகைகளில் அது விழுந்தால் 'யு, ஐ, ஓ' அடிக்க 4, 5, 6 வரும். அம்புக்குறிகளுக்குத் தனி இடம் இல்லாத, முதல் ஐபிஎம் பிசியின் 83 விசைக் காலத்தில், எண்பகுதியே இரண்டு வேலையும் பார்த்தது. அதற்காக வந்த பூட்டு இது.

புது லேப்டாப்பில் வலது கன்ட்ரோல் இல்லை, கோபைலட் விசை இருக்கிறது. நல்லதா?

எனக்கு ஒப்பவில்லை தம்பி. வலது கையாலேயே கன்ட்ரோலும் அம்புக்குறியும் அழுத்திச் சொல் சொல்லாகத் தாவுகிறவருக்கு அது பெரிய இழப்பு. மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டைத் திறக்க 2024-இல் அறிவித்த இந்த விசை கணினிக்கு அனுப்புவது விண்டோஸ்+ஷிஃப்ட்+எஃப்23. நம் பலகைகளில் காணாத அந்த எஃப்23, எஃப்24 வரை விசைகள் இருந்தது ஐபிஎம்மின் பழைய 122 விசை டெர்மினல் பலகைகளில். ஸ்க்ரோல் லாக்கும் பாஸும் சும்மா கிடக்க, அன்றாடம் உழைக்கிற விசையின் இடத்தை எடுத்திருக்க வேண்டாம்.