குப்பை பொறுக்குபவர் கூட்டுறவில் சேர்ந்தால் வாழ்க்கை நிலைப்படுமா?

புனேயைப் பார்த்தால் புரியும். அங்கே 1993-ல் குப்பை பொறுக்குவோருக்கென ஒரு சங்கம் உருவானது. அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு, மாநகராட்சி ஒப்பந்தத்தோடு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது.

கோணியோடு தெருவில் நுழைந்தாலே திருட்டுச் சந்தேகம் வரும் தொழில் இது. அடையாள அட்டை இருந்தால் வாசல் மணியை அடித்தே கேட்கலாம். தன்னம்பிக்கை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

வருமானம் இரண்டு வழி: வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம், பிரித்து விற்கும் பழைய பொருள். காயலான் கடையில் விலை சரியும் மாதத்தைக் கட்டணம் தாங்கிவிடும்.

பிரிப்பதில்தான் கைத்தேர்ச்சி. தண்ணீர் பாட்டில் ‘பெட்’ (PET) என்னும் வகைப் பிளாஸ்டிக், அதன் மூடி வேறு வகை. கழற்றாமல் போட்டால் விலை குறையும். பால் கவரைக் கழுவி உலர்த்த வேண்டும். நனைந்த அட்டைக்கு எடையைக் கழித்துக்கொள்வார்கள். சிப்ஸ் பாக்கெட்டை வாங்க ஆள் கிடைப்பதே அரிது.

கெடுப்பது பெரும்பாலும் வீட்டார்தான்: சோற்றோடு காகிதத்தைக் கலப்பது, சானிட்டரி நாப்கினை அப்படியே போடுவது. நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, அடையாளமாகச் சிவப்புப் பொட்டு வைத்தால் பிரிப்பவர் கை படாது.

சேருமுன் கேளுங்கள்: கட்டணத்தை யார் வசூலிப்பது? விற்ற பணம் யாருக்கு? உடம்பு முடியாத நாளில் மாற்று ஆள் உண்டா?