மும்பை மழைக்கு 400 ரூபாய் கம்பூட்ஸ் போதுமா, 12,000 ரூபாய்க்கு வாங்கியே ஆகவேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. கோவையிலிருந்து மாற்றலாகி முலுண்டுக்கு வந்திருக்கிறீர்கள். மழையில் ஸ்டேஷன் வரை நடக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர்களோடு அலையாத்திச் சதுப்பில் குப்பை எடுக்கப் போகிறீர்கள். ரோட்டோரக் கடையில் கம்பூட்ஸ் 400 ரூபாய், மாலில் வெளிநாட்டு பிராண்ட் 12,000 ரூபாய். விலை கூடியதை ஒரே தடவை வாங்கிவிட்டால் பத்து வருஷம் உழைக்குமா என்கிறீர்கள்.

செம்பூரில் கட்டுமானத் தளங்களுக்குப் பாதுகாப்புச் சாமான் வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை. ஹெல்மெட், கையுறை, கம்பூட்ஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இரண்டும் வேண்டாம். தொழிற்சாலை வேலைக்கென்றே செய்த, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பிவிசி கம்பூட்ஸ் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அதை வாங்குங்கள். மிச்சக் காசில் நல்ல சாக்ஸும், பூட்ஸுக்குள் பாதத்தின் கீழே போடும் மாற்று இன்சோலும் வாங்குங்கள்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விலை கூடியதும் ஏமாற்றுச் சரக்கு இல்லை. அது வேறு ஊர்க் குளிருக்காகப் பிறந்த சரக்கு. 1844-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் வெயிலில் இளகாத, குளிரில் விறைக்காத ரப்பர் பூட்ஸ் சாத்தியமானது. 1850-களில் பிரான்ஸிலும் ஸ்காட்லாந்திலும் ஆலைகள் வந்தன. இன்றைக்கும் உயர்ந்த ரக பூட்ஸில் இயற்கை ரப்பர் தகடுகளை அச்சின்மேல் கையால் அடுக்கி ஒட்டி, பிறகு சூட்டில் வேகவைக்கிறார்கள். கூலியும் நேரமும் அதிகம் பிடிக்கிற வேலை, அதனால்தான் விலை. உறைபனியில் பிவிசி விறைத்துக் காலைப் பிடிக்கும், இயற்கை ரப்பர் வளைந்து கொடுக்கும். வயல்வெளியில் மைல் கணக்கில் நடக்கிற பிரிட்டிஷ் விவசாயிக்கு அந்த வித்தியாசம் பெரியது. உள்ளே நியோப்ரீன் என்னும் பஞ்சு போன்ற செயற்கை ரப்பர் வைத்துத் தைத்தது இன்னும் விலை, ஏனென்றால் அது சூட்டை வெளியே விடாது.

மும்பையில் ஜனவரி விடியலில்கூடப் பத்து டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஜூலையில் நியோப்ரீன் பூட்ஸைப் போட்டு முலுண்டு ஸ்டேஷன் மேம்பாலம் ஏறிப் பாருங்கள், கால் வெந்துவிடும். அந்த விலையில் பெரும்பங்கு இங்கே பயன்படாத குணத்துக்குப் போகிறது.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பிவிசி பூட்ஸை அச்சில் உருக்கி ஊற்றி வார்க்கிறார்கள். மேல்பாகம் ஒரே வார்ப்பு, ஒட்டுத் தையல் கிடையாது. ஒழுகுவதற்கு மூட்டே இல்லை. அடுக்கி ஒட்டிய ரப்பர் பூட்ஸில் அடிப்பாகத்துக்கு மேலே சுற்றியிருக்கும் பட்டைதான் முதலில் பெயரும். மும்பைச் சாலைத் தண்ணீரில் டீசலும் எண்ணெயும் மிதக்கும். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊதிப் பதமிழந்துவிடும். பிவிசி இந்த விஷயத்தில் கெட்டி, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கலந்த பிவிசி அதைவிடக் கெட்டி. ஆக, தண்ணீர் புகாமல் இருப்பதுதான் உங்கள் கவலை என்றால் அதற்கு அதிக விலை கொடுக்கவேண்டியதே இல்லை.

பத்து வருஷம் உழைக்குமா என்பதற்கு வருகிறேன். நம் ஊர் உபயோகம் விசித்திரமானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. லண்டனில் வருஷம் முழுக்கப் பெய்வதே 600 மில்லிமீட்டர் அளவுதான். நாலு மாதம் வெளுத்து வாங்கிவிட்டு, எட்டு மாதம் பூட்ஸ் பரணில் கிடக்கும். பூட்ஸைக் கொல்வது அந்த எட்டு மாதம்தான். இயற்கை ரப்பர் காற்றிலுள்ள ஓசோனால் மெல்ல வெடிக்கும், மடிந்து கிடக்கும் இடத்தில் சீக்கிரம். மேலே வெள்ளையாகப் பூப்பது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை, உள்ளிருக்கும் மெழுகு வெளியே வருவதுதான், துடைத்தால் போகும். பாலியூரித்தேன் பூட்ஸ், அதாவது எடை குறைந்த பியு ரகம், கால்வலிக்காரர்களுக்கு அருமையானது. ஆனால் பல பியு ரகங்களை ஈரக்காற்று உள்ளுக்குள் உதிர வைக்கும். பெட்டியிலேயே வைத்திருந்த செருப்பின் அடிப்பாகம் பிஸ்கெட் மாதிரி நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேதிவினைதான். பிவிசிக்கு இந்த வியாதி கிடையாது. வெயில் பட்டால் இளக்கப் பொருள் வெளியேறி விறைத்துப்போகும், அவ்வளவுதான். பால்கனி வெயிலில் காயவைக்காதீர்கள், காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் நிற்க வையுங்கள்.

அப்படியானால் 400 ரூபாய் பிவிசியே போதாதா என்றால், போதாது. அங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன். மிக மலிவான ரகத்தில் மறுசுழற்சி பிவிசியும் சுண்ணாம்புத் தூளும் நிறைய கலந்திருக்கும். கடையிலேயே விரல்கள் மடங்குகிற இடத்தைப் பிடித்து நன்றாக வளைத்துப் பாருங்கள். மடிப்பில் வெளிறிய கோடு விழுந்து அது உடனே மறையவில்லை என்றால் அந்த இடம்தான் முதலில் கிழியப்போகிறது. அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பற்கள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் சேறு உதிரும், நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு வழவழப்பாகிவிடும். மலிவான கெட்டி பிவிசி ஸ்டேஷன் தரையின் ஈர டைல்ஸில் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் நல்ல ரப்பர் பூட்ஸ் உண்மையிலேயே மேல், அதை மறைக்கக் கூடாது.

முத்திரையில் பார்க்கவேண்டியது எண். பிவிசி தொழிற்சாலை பூட்ஸுக்கு ஐஎஸ் 12254, ரப்பர் பூட்ஸுக்கு ஐஎஸ் 5557. வெறும் ஐஎஸ்ஐ என்று அட்டைப்பெட்டியில் அடித்திருப்பதை நம்பாமல் பூட்ஸின் மேலேயே இந்த எண் வார்ப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. நீங்கள் பயப்படவேண்டியது அதற்குத்தான், ஸ்டேஷன் நடைக்கு அல்ல. அலையாத்திச் சேற்றில் உடைந்த பாட்டில், ஊசி, துருப்பிடித்த கம்பி, கிளிஞ்சல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். 12,000 ரூபாய் பூட்ஸின் மென்மையான ரப்பர் அடிப்பாகத்தை ஆணி சுலபமாகத் துளைத்துவிடும். உங்களுக்கு வேண்டியது அடிப்பாகத்துக்குள் எஃகுத் தகடு வைத்தது. கடைக்குப் போனால் எல்லோரும் ஸ்டீல் டோ இருக்கா என்று மட்டும் கேட்பார்கள், கடைக்காரரும் விரல் முனையைத் தட்டிக் காட்டுவார். விரலில் செங்கல் விழுகிற வேலைக்கு அது. நீங்கள் ஸ்டீல் மிட்சோல் என்று தனியாகக் கேளுங்கள். ஐரோப்பியத் தரக் குறியீடு போட்டது கிடைத்தால் எஸ்5 என்று பாருங்கள். எஸ்4-க்கு இந்தத் துளைத் தடுப்பு கட்டாயமில்லை, எஸ்5-க்கு உண்டு. அதற்கு இன்னும் சில நூறு ரூபாய் கூடலாம், தயங்காமல் கொடுங்கள்.

சேற்றில் இன்னொரு ஆபத்து, பூட்ஸ் அங்கேயே தங்கிவிடுவது. சேறு இழுக்கும்போது கணுக்கால் தொளதொளவென்று இருந்தால் கால் மட்டும் வெளியே வரும். மாட்டிக்கொண்டால் நேராகத் தூக்காதீர்கள். குதிகாலை முதலில் அசைத்துக் காற்று புக வழி விட்டு, பிறகு மெல்ல எடுங்கள். அளவு பார்க்கும்போது சாக்ஸோடு, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். நடக்கையில் குதிகால் லேசாக எழும்பலாம், கழன்று வரக்கூடாது. கம்பூட்ஸில் பெரும்பாலும் அரை சைஸ் கிடையாது. பெரியதை எடுத்து கனமான இன்சோல் போடுவதே மேல்.

இன்சோல், சாக்ஸ் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறது. எங்கள் தளத்தில் கான்கிரீட் போடுகிற தாராவிக்கார மேஸ்திரி ஒருவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, வெளிய இருந்து வார தண்ணிய பூட்ஸு தடுத்துரும். உள்ள ஊறுற வேர்வைய யாரு தடுக்கது?" ஈர சிமெண்ட் தோலைச் சுட்டுவிடும் காரம் உள்ளது, அதனால் அவர்கள் பூட்ஸைக் கழற்றவும் முடியாது. நாள் முழுக்க ஊறிய காலில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து, அந்த வெடிப்பு வழியாகவே கிருமி போகிறது. எந்த விலை பூட்ஸும் வேர்வையை வெளியே விடாது. அதனால் இப்போது ஆளுக்கு இரண்டு ஜோடி இன்சோல், மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்ள என்று வாங்குகிறோம். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்த, முழங்கால் வரை வருகிற விளையாட்டு சாக்ஸ் நல்லது. பூட்ஸ் விளிம்பு ஆடுசதையை உரசிப் புண்ணாக்காமலும் அது காக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வது எலிக்காய்ச்சலுக்காக. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள சின்னக் கீறலில் பட்டாலே போதும். 2005 வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் அது பரவியது. தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாநகராட்சி மழைக்காலத்தில் அறிவிக்கிறது. பூட்ஸ் போட்டிருந்தாலும் உள்ளே தண்ணீர் போயிருந்தால் அந்த அறிவிப்பு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உள்ளே தண்ணீர் போகும் நாளும் வரும். கிங் சர்க்கிள் காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா மாதிரிப் பள்ளமான இடங்களில் கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் வடிகால் கடலுக்குள் இறங்காது, தெருவில் முழங்கால் தாண்டும். பூட்ஸ் விளிம்புக்கு மேல் தண்ணீர் வந்த அந்த நொடியில் அது பாதுகாப்பாக இருப்பதை நிறுத்திக் காலில் கட்டிய பாரமாகிவிடும். 2017 ஆகஸ்ட் 29 மழையில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் திறந்திருந்த பாதாளச் சாக்கடைக்குள் விழுந்து இறந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் எந்த பூட்ஸை நம்பியும் இறங்காதீர்கள். ஆபீஸ் லேட்டானால் ஆகட்டும்.

கிழிந்தால் ஒட்ட முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இயற்கை ரப்பரைப் பஞ்சர் கடைக்காரரே டியூப் ஒட்டும் சொல்யூஷனில் ஒட்டித் தந்துவிடுவார். பிவிசியில் அந்தப் பசை நிற்காது, பிவிசிக்கான பசையே வேண்டும், மடிகிற இடத்தில் கிழிந்தால் அதுவும் நிலைக்காது. ஆனால் ஆயிரம் ரூபாய் பூட்ஸை மூன்று நாலு மழைக்காலம் கழித்து மாற்றினாலும் உங்கள் கணக்கு 12,000-ஐத் தொட முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும்.

விலை கூடியதை வாங்கச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. உங்கள் மனைவியும் சதுப்புக்கு வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிற்சாலை கம்பூட்ஸ் ஆண்களின் காலை மனதில் வைத்தே வார்க்கப்படுகிறது. பல கடைகளில் ஐந்து அல்லது ஆறாம் நம்பருக்குக் கீழே இருக்காது, ஆடுசதைச் சுற்றளவும் அகலம். பெரிய அளவு பூட்ஸில் சேற்றில் நடப்பது கிழிந்த பூட்ஸைவிட மோசம். அவருக்குப் பொருந்துகிற அளவு பிராண்ட் கடையில்தான் கிடைக்கிறது என்றால் அங்கே காசைச் செலவழியுங்கள். நியோப்ரீன் இல்லாத, துணி உள்ளுறை மட்டும் உள்ள ரகமாகக் கேளுங்கள், துளைபடாத இன்சோல் தனியாக வாங்கி உள்ளே போடுங்கள். உங்களுக்கானதை மசூதி பந்தர் பக்கம் நாக்தேவி தெருவில் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் பாருங்கள். மே மாதக் கடைசிக்குள் போய்விடுங்கள். முதல் மழை விழுந்த பிறகு ஏழு, எட்டு, ஒன்பது நம்பர் எல்லாம் காலியாகி, பதினொன்றைக் காட்டி இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.