எங்குமே பப்ளிக் போடவில்லை, பிறகு ஏன் இந்த எரர்?

கேள்வி: ஜாவாவில் 'ஷேப்' என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி, 'ஏரியா' என்ற மெதடை எந்த மாடிஃபையரும் (பப்ளிக், பிரைவேட் போன்ற அணுகல் சொல்) இல்லாமல் வைத்தேன். ஷேப்பை இம்ப்ளிமென்ட் செய்யும் 'சர்க்கிள்' கிளாஸிலும் அதே வரியைப் போட்டு உள்ளே கணக்கை எழுதினேன். கம்பைலர் 'வீக்கர் ஆக்சஸ் பிரிவிலேஜஸ், வாஸ் பப்ளிக்' (பப்ளிக் ஆக இருந்ததன் அணுகலைக் குறைக்கிறாய்) என்கிறது. நான் பப்ளிக் என்று எழுதவே இல்லையே?

பதில்: நீங்கள் எழுதவில்லை, ஜாவா தானாகவே வைத்துக்கொண்டது. இன்டர்ஃபேஸில் மாடிஃபையர் இல்லாமல் விட்டால் அந்த மெதட் பப்ளிக். கிளாஸில் அப்படியே விட்டால் அது அதே பேக்கேஜுக்குள் (ஒரே தொகுப்பில் உள்ள கிளாஸ்களுக்குள்) மட்டும். பார்க்க ஒரே வரி, அர்த்தம் வேறு. சர்க்கிளில் ஏரியாவுக்கு முன்னால் பப்ளிக் சேருங்கள், எரர் போய்விடும்.

ஏன் இந்தக் கெடுபிடி? வேறொரு பேக்கேஜில் ஒருவர் ஷேப் வகைப் பொருளை வாங்கி ஏரியாவை அழைக்கிறார் என்று வையுங்கள். கைக்கு வந்தது சர்க்கிளா வேறொன்றா என்று அவருக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. ஷேப் எதுவானாலும் ஏரியாவை அழைக்கலாம் என்பதுதான் இன்டர்ஃபேஸ் கொடுத்த வாக்கு. சர்க்கிள் மட்டும் அதை ஒளித்தால் வாக்கு பொய்த்துவிடும். அதனால்தான் ஓவர்ரைடு செய்யும்போது, அதாவது மேலிருந்து வந்த மெதடை மறுபடி எழுதும்போது, அணுகலை விரிக்கலாம், சுருக்கக் கூடாது. 'ஆப்ஜெக்ட்' கிளாஸில் ப்ரொடெக்டட் (அதே பேக்கேஜுக்கும் வாரிசு கிளாஸ்களுக்கும் மட்டும்) ஆக இருக்கும் 'க்ளோன்' மெதடைப் பலரும் பப்ளிக் ஆக்குவது இந்தச் சலுகையில்தான். இன்டர்ஃபேஸ் மெதடோ ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது, விரிக்க இடமில்லை. ஜாவா 8-இல் வந்த, இன்டர்ஃபேஸிலேயே உள்ளடக்கத்தோடு எழுதும் டிஃபால்ட் மெதடுக்கும் இதே விதிதான். ஜாவா 9-இலிருந்து இன்டர்ஃபேஸுக்குள் பிரைவேட் மெதடும் எழுதலாம், ஆனால் அதை ஓவர்ரைடு செய்யவே முடியாது.

இதைவிடக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. சர்க்கிள் 'பேஸ்' என்ற கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அந்த பேஸில் ஏரியா ப்ரொடெக்டட் ஆக இருக்கிறது என்றால், சர்க்கிளில் ஒரு மெதடும் எழுதாமலே இதே எரர் வரும். அதுவும் கிளாஸின் தலைப்பு வரியைக் காட்டும்! மரபாக வந்த மெதடே ஷேப்பின் ஏரியாவாகக் கணக்கில் வருகிறது, அதன் அணுகல் போதவில்லை. பேஸைத் திருத்த முடிந்தால் அங்கே பப்ளிக் ஆக்குங்கள். இல்லாவிட்டால் சர்க்கிளில் பப்ளிக் ஆக ஓவர்ரைடு செய்து, உள்ளே சூப்பர் வழியாகப் பழையதை அழையுங்கள்.

சரி, வெளியாட்கள் சர்க்கிளைத் தொடவே கூடாது என்றால்? மெதடை விட்டுவிட்டு கிளாஸை மறையுங்கள். இன்னொரு கிளாஸுக்குள் பிரைவேட் கிளாஸாக சர்க்கிளை வைத்து, ஷேப் வகையாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். பெரும்பாலும் கேட்பவருக்கு வேண்டியதும் இதுதான்.

சி ஷார்ப்பிலும் சாதாரணமாக பப்ளிக் வேண்டும். ஆனால் மெதட் பெயருக்கு முன் இன்டர்ஃபேஸ் பெயரைச் சேர்த்து எழுதினால் பப்ளிக் போன்ற அணுகல் மாடிஃபையரே போடக் கூடாது. அதை அந்த இன்டர்ஃபேஸ் வழியாக மட்டுமே அழைக்கலாம். சி பிளஸ் பிளஸ் இன்னும் தாராளம்: மூல கிளாஸில் (பேஸ் கிளாஸ்) பப்ளிக் ஆன விர்ச்சுவல் ஃபங்ஷனை, அதாவது ஓவர்ரைடு செய்யக்கூடியதை, அதிலிருந்து வந்த டிரைவ்டு கிளாஸில் பிரைவேட் ஆக்கினாலும் கம்பைல் ஆகும், பேஸ் கிளாஸ் வகைப் பாயின்டர் வழியாக அழைத்தால் ஓடவும் செய்யும். அங்கே அணுகல் சோதனை பாயின்டரின் வகையை வைத்துத்தான்.