பழைய கெய்ரோவின் வாசல்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பாய், கெய்ரோவில் எனக்கு ஒரே நாள்தான். பழைய நகரை எங்கே தொடங்குவது?

வடக்கே பாபுல் ஃபுதூஹ் வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள். முயிஸ் தெருவைப் பிடித்துத் தெற்கே பாப் ஸுவைலா வாசல் வரை நடை. விறுவிறுவென்று நடந்தால் அரை மணி நேரம், நின்று பார்த்தால் பொழுதே சாய்ந்துவிடும். பிரமிடையும் அன்றைக்கே சேர்த்தால் இரண்டும் கெடும்.

கேள்வி: 969இல் நகரம் எழுந்தபோதே வாசல்களும் எழுந்தவையா?

இல்லை. தளபதி ஜவ்ஹர் அப்போது எழுப்பியது சுடாத செங்கல் மதில். இன்று நிற்கும் கல்வாசல்கள் மூன்றும் 1087க்கும் 1092க்கும் இடையில் பத்ருல் ஜமாலி என்ற அர்மீனிய வசீர், அதாவது முதலமைச்சர், கட்டியவை. மூன்றாவது வாசலான பாபுன் நஸ்ருக்குச் சதுரக் கோபுரங்கள், அவற்றில் கேடயமும் வாளும் செதுக்கியிருக்கும். ஃபுதூஹின் கோபுரங்கள் உருண்டை. நெப்போலியன் படை வந்தபோது கோபுரங்களுக்குத் தங்கள் அதிகாரிகளின் பெயரைச் சூட்டிக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். சுவரில் பேர் எழுதும் வியாதி நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் இல்லை!

கேள்வி: ஹாகிம் பள்ளிவாசல் புத்தம்புதிதாக இருக்கிறதே அண்ணே?

1013இல் முடிந்த பள்ளி. பாழடைந்து கிடந்ததை 1980 வாக்கில் தாவூதி போராக்கள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினர் பளிங்கு போட்டு எடுத்துக் கட்டினார்கள். அந்தப் பளபளப்பு எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் பாழாய்க் கிடந்த இடத்தில் ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறதே!

கேள்வி: அக்மர் பள்ளி சின்னதுதானே, விட்டுவிடலாமா?

எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 1125இல் கட்டியது. முகப்பு தெருவை ஒட்டி நிற்கிறது, உள்ளே தொழும்போது நோக்கும் கிப்லாவோ வேறு திசை. இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகலும் ஆப்பு வடிவ இடம் அந்தக் கோணலை விழுங்கிக்கொள்கிறது. முற்றத்துக்கு வந்த பிறகுதான், நாம் திரும்பியிருக்கிறோம் என்பதே உறைக்கும். வெளியே வந்து வாசலுக்கு மேலே பாருங்கள்: சிப்பி மாதிரி விரியும் வரிகளின் நடுவில் முஹம்மது, அலி என்ற பெயர்கள்.

கேள்வி: முஸ்லிமல்லாத பெண்கள் உள்ளே போகலாமா?

தாராளமாக. தலைக்கு ஒரு துணி, செருப்பு கையில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: பாப் ஸுவைலாவின் இரட்டை மினாராவில் (தொழுகைக்கு அழைக்கும் கோபுரம்) ஏற முடியுமா?

ஏறலாம், டிக்கெட் உண்டு. ஆனால் அந்த மினாராக்கள் வாசலுடையவை அல்ல, பக்கத்து முஅய்யத் பள்ளியுடையவை. அந்த இடத்தில் முன்பு ஒரு சிறை இருந்தது. முஅய்யத் ஷெய்க் அதில் பேன்கடியும் தெள்ளுக்கடியுமாகக் கிடந்தபோது, தப்பித்தால் இதை இடித்துப் பள்ளி கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். சுல்தான் ஆனபின் 1415இல் வேலையைத் தொடங்கினார். வெண்கலக் கதவை மட்டும் சுல்தான் ஹசன் பள்ளியிலிருந்து கழற்றி வந்தார். நேர்ச்சை தன்னுடையது, கதவு அடுத்தவருடையது! எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கடைசி சுல்தான் தூமான் பேயை 1517இல் உதுமானியர்கள் தூக்கில் போட்டதும் இந்த வாசலில்தான்.

மினாராவின் உள்ளே சுருள்படி, கும்மிருட்டு. தோள் இரண்டு பக்கமும் உரசும். அஸர் பாங்குக்கு, அதாவது பிற்பகல் தொழுகை அழைப்புக்கு, கொஞ்சம் முன்னால் மேலே போய்விட்டால் நாலாபுறமும் ஒரு பள்ளி தொடங்க இன்னொன்று பிடிக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் வாசலின் மொட்டைமாடியோடு நின்றுகொள்ளுங்கள், அங்கிருந்தும் கேட்கும்.