வாசலில் பைன் கொத்து தொங்குகிறதா என்று பாருங்கள்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் வியன்னா போகிறோம். ஒரு மாலையாவது அங்கத்திய ஒயின் தோட்டத்தில் உட்கார ஆசை. நான் கொஞ்சம் குடிப்பேன். மனைவி குடிக்க மாட்டார், சைவம் வேறு. எங்களுக்குச் சரிப்படுமா?

பதில்: தாராளமாகப் போங்கள். குழந்தை குட்டிகளோடு குடும்பமாக வந்து உட்காரும் இடம்தான் அது. பெயர் ஹொய்ரிகர். 'இந்த வருஷத்தது' என்று பொருள். புது ஒயினுக்கும் அதே பெயர்தான். விளைவித்தவர்களே தங்கள் ஒயினை விற்கலாம் என்று 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணையிட்டார். அதிலிருந்து வரும் வழக்கம் இது.

வியன்னாவின் ஓரத்தில் ஹொய்ரிகர்கள் நிறைந்த கிரின்ட்சிங் அழகான ஊர், ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் அங்கேதான் வந்து நிற்கும். நான் 31-ஆம் எண் டிராம் ஏறி, அதே போன்ற இன்னொரு ஊரான ஸ்டாமர்ஸ்டோர்ஃப் போகச் சொல்வேன். வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது. பல கடைகள் சில வாரம் திறந்து சில வாரம் மூடிவிடும், அதனால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

நீள மர மேசைகள்தான். இடம் இல்லையென்றால் முன்பே இருப்பவரிடம் கேட்டுப் பக்கத்தில் உட்காரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒயின் மேசைக்கே வரும். 'ஃபியர்டல்' என்றால் கால் லிட்டர், 'ஆக்டல்' என்றால் அதில் பாதி. முதல் தடவை 'கெஷ்பிரிட்ஸ்டர்' கேளுங்கள்: பாதி ஒயின், பாதி சோடா. மனைவிக்குத் திராட்சைச் சாறு, 'டிராபன்சாஃப்ட்'. நீங்கள் போகும் பருவத்தில் 'ஷ்டூர்ம்' கிடைக்கும். இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கல் சாறு அது. இனிப்பாக இருக்கிறதே என்று மடமடவென்று குடித்துவிடாதீர்கள், போதை பிறகுதான் தெரியும்.

சாப்பாடு பெரும்பாலும் தனிக் கவுன்டரில்; நாமே போய்க் காட்டி வாங்க வேண்டும். சைவத்துக்கு இங்கேதான் கவனம் தேவை. ரொட்டி மேல் வெண்ணெய் போல வெள்ளையாகத் தடவியிருப்பது 'ஷ்மால்ட்ஸ்' ஆக இருக்கலாம், அதாவது பன்றிக் கொழுப்பு. உருளைக்கிழங்கு சாலட் பார்க்கச் சைவம் மாதிரியே இருக்கும். ஆனால் வியன்னா முறையில் அதில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றுவது வழக்கம். 'லிப்டவர்' என்ற மிளகாய்த்தூள் நிறச் சீஸ் விழுதிலும் சிலர் நெத்திலி சேர்ப்பார்கள். மூன்றையும் கேட்டுவிட்டே வாங்குங்கள். கவலையில்லாமல் எடுக்கக்கூடியது கறுப்பு ரொட்டி, முள்ளங்கி, ஊறுகாய் வெள்ளரி.

கார் வேண்டாம். திரும்பும் டிராம் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.