தாத்தாவின் மெட்ராஸ் படங்கள் எந்த வருஷத்தவை?

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒன்பது பழைய மெட்ராஸ் படங்கள் கிடைத்தன. சென்ட்ரல், மவுண்ட் ரோடு, மெரினா எல்லாம் இருக்கின்றன. தேதி எதிலும் இல்லை. வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் ஏறிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது நடுவில் நிற்கும் கட்டடத்தை. அதில் பெரிதாகப் பலன் கிடையாது. சென்ட்ரல் 1873-லிருந்து நிற்கிறது. அதை மட்டும் வைத்து என்ன சொல்ல? ஓரத்தில் தற்செயலாக விழுந்தவைதான் காட்டிக்கொடுக்கும். படத்தில் இருப்பவற்றில் கடைசியாக வந்தது எது, முதலில் மறைந்தது எது என்று பாருங்கள். பக்கத்தில் ரிப்பன் மாளிகை முழுசாகத் தெரிந்தால் படம் 1913-க்கு முந்தையது அல்ல. முன்னால் டிராம் போனால் 1953-ஐத் தாண்டாது. அந்த ஏப்ரலில் டிராம் நின்றுவிட்டது. வெறும் தண்டவாளத்தை நம்பாதீர்கள், வண்டி நின்ற அன்றே அதைப் பெயர்த்திருக்க மாட்டார்கள்.

சரி, நாற்பது வருஷம் இன்னும் அகலம்தான். பூதக்கண்ணாடியோடு கடைப் பலகைகளுக்குப் போங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன். ‘ந.பை.’ என்றிருந்தால் அதிர்ஷ்டம்: நயா பைசா என்ற பெயர் 1957-லிருந்து 1964 வரைதான்.

மவுண்ட் ரோட்டில் நீல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் சிலை நின்றால் 1937-க்குள்; அந்த வருஷம் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். எல்.ஐ.சி.யின் 14 மாடி வந்தது 1959-ல். அது காணவில்லை என்பதற்காகப் படம் அதற்கு முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். கேமரா வேறு பக்கம் பார்த்திருக்கலாம். மெரினாவில் உழைப்பாளர் சிலையும் அதே 1959. இப்போதுள்ள கலங்கரை விளக்கம் தெரிந்தால் எழுபதுகளின் பிற்பகுதிக்கு வந்துவிட்டீர்கள். 1977 வரை விளக்கு எரிந்தது உயர் நீதிமன்றக் கோபுரத்து உச்சியில்.

ஒருமுறை ஒரு தெருப் படத்தோடு அரை நாள் மல்லுக்கட்டினேன், இடமே பிடிபடவில்லை. அப்புறம்தான் பலகை எழுத்து இடவலம் மாறியிருப்பதைக் கவனித்தேன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்! எழுத்து தெரியாத படத்தில் ஆண்களின் சட்டைப் பித்தானைப் பாருங்கள்; அது போட்டிருப்பவரின் வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கலாம்.

பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு. ஆனால் அது பிரிண்டின் வயது; நெகட்டிவ் தாத்தா காலத்ததாக இருக்கலாம். தடித்த அட்டையில் ஒட்டிய, பழுப்பேறிய மெல்லிய தாள் என்றால் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் பிரிண்டாக இருக்கும்; அநேகமாக 19-ஆம் நூற்றாண்டு. சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் பகுதியில் வெள்ளி மினுமினுப்பு தெரிகிறதா? அது ஜெலட்டின் பிரிண்ட், பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

கண்டுபிடித்ததைப் பின்னால் எழுத மெத்தென்ற பென்சில் போதும், பால்பாயிண்ட் வேண்டாம். இரண்டு பக்கத்தையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணி படவே கூடாது. ஆல்பத்தில் ஒட்டாமல் அமிலமில்லாத காகித உறையில், தனித்தனியாக, பரணில் அல்லாமல் காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள்.