பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து வைக்க அதை நாள் முழுதும் ஓடும் சர்வராக மாற்றலாமா? எனக்கு லினக்ஸ் புதிது. எங்கள் ஊரில் மின்வெட்டும் அதிகம்.
– கும்பகோணம் வாசகர்

பதில்: தாராளமாக மாற்றலாம். மின்வெட்டு அதிகமுள்ள ஊருக்கு, தனக்குள்ளேயே பேட்டரி வைத்திருக்கும் லேப்டாப்தான் பொருத்தமானது. சும்மா இருக்கும்போது அது 10 வாட் அளவில் இழுத்தால் இரண்டு மாத மின் கணக்கில் ஏறக்குறைய 15 யூனிட்தான் கூடும். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் அது 86 யூனிட் ஆகிவிடும். ஆனால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் யோசிக்காமல் அகற்றிவிடுங்கள்.

இயங்குதளமாக, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நிலையான பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் புதிய பதிப்பு வரும் (டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட்டில்). இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வருவதால், நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகும் வாய்ப்பு குறைவு. சர்வருக்கு இந்தச் சலிப்பூட்டும் குணம்தான் வேண்டும். நிறுவும்போது ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கு) கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் உங்கள் பயனர் கணக்குக்கே சூடோ அதிகாரம், அதாவது நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் உரிமை, கிடைக்கும். இதை அறியாமல் அங்கே ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, பிறகு சூடோ வேலை செய்யவில்லை என்று தவிக்கும் புதியவர்கள் ஏராளம். மென்பொருள் தேர்வுப் பட்டியலில் டெஸ்க்டாப் சூழலை நீக்கிவிட்டு, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்.எஸ்.எச். சர்வரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடாதிருக்க, சிஸ்டம்டியின் (கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) லாகின் அமைப்புக் கோப்பில் மூடி தொடர்பான வரிக்கு 'இக்னோர்' என்று மதிப்புக் கொடுக்க வேண்டும்.

வெளி ஹார்டு டிஸ்க்கை இணைப்பதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். கணினி தொடங்கும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் அதற்கான வரியை எழுதும்போது 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால், கேபிள் கழன்றிருக்கும் ஒரு நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசரநிலை முறையில் போய் நின்றுவிடும், எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழையவும் முடியாது. சேர்த்தாலும் ஒரு ஆபத்து உண்டு: டிஸ்க் இணையாத நிலையில், அது இருக்க வேண்டிய காலிக் கோப்புறையில் புகைப்படச் செயலி எழுதத் தொடங்கி, உள் டிஸ்க்கை நிரப்பிவிடக்கூடும். எனவே டிஸ்க் இணைந்த பிறகே செயலி தொடங்கும்படி அமைப்பது நல்லது.

கேள்வி: இரண்டு டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் முறை) இணைத்துவிட்டால் தனியாக பேக்கப் தேவையில்லைதானே?
– மதுரை வாசகி

பதில்: தேவை. ஒரு டிஸ்க் பழுதானாலும் சர்வர் நிற்காமல் ஓட ரெய்டு உதவும், அவ்வளவுதான். நீங்கள் தவறுதலாக அழிக்கும் படம் இரண்டு டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழியும். வீட்டுத் தேவைக்கு சர்வர் சில மணி நேரம் நின்றால் குடி முழுகிவிடாது என்பதால், இரண்டாவது டிஸ்க்கை ரெஸ்டிக் அல்லது போர்க் மென்பொருள் மூலம் தினமும் இரவில் பேக்கப் எடுக்கப் பயன்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். திருட்டும் தீயும் இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்தேதான் கொண்டுபோகும்.

இம்மிச் போன்ற புகைப்படச் செயலிகளில் படக்கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. ஆல்பங்களும் முகங்களுக்கு நீங்கள் இட்ட பெயர்களும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அது மீளாமல் போகலாம் என்பதால், முறையாக டம்ப் (தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பாக எழுதுவது) எடுத்து அதையும் பேக்கப்பில் சேர்க்க வேண்டும். ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் பேக்கப் இருந்தும் இல்லாததுதான். அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஆல்பத்தை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வழி) திறந்தும் வெளியிலிருந்து சர்வரை அடைய முடியவில்லையே, ஏன்?
– ஓசூர் வாசகர்

பதில்: ரூட்டரின் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. அதற்குப் பதிலாக, வயர்கார்டு என்ற மறையாக்க இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு உங்கள் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் டெயில்ஸ்கேலை சர்வரிலும் கைப்பேசியிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். போர்ட் எதையும் திறந்துவைக்கத் தேவையில்லாததால் பாதுகாப்பும் கூடுதல். மறக்காமல் அதன் நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் சாவி (உள்நுழைவு அனுமதி) காலாவதியை நிறுத்திவையுங்கள். இயல்பான காலக்கெடு 180 நாள் என்பதால், நீங்கள் வெளியூரில் இருக்கும் நேரமாகப் பார்த்து இணைப்பு அறுந்துபோகலாம்.